முதல் ரவுண்டில் பின்தங்குங்கள்

நண்பர்களோடு சேர்ந்து கடினமான குழு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் எட்டாவது, பத்தாவது நிமிடத்தில்தான். வார்ம்-அப் முடிந்திருக்கும். பாட்டுச் சத்தம் ஏறும். கோச் கடிகாரத்தை ஓடவிட்டதும் எல்லோரும் பாய்வார்கள். பக்கத்தில் நிற்கும் நண்பர் நிறுத்தாமல் பதினைந்து பர்பி (குந்தி, காலைப் பின்னால் நீட்டி, திரும்ப எழும் பயிற்சி) போட்டால் நாமும் பதினைந்து போடுவோம். மூன்றாவது ரவுண்டு வருவதற்குள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டியிருக்கும். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் அரை மணி நேரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் தள்ளுவதிலேயே போய்விடும்.

இதற்கு உடம்புக்குள் தெளிவான காரணம் இருக்கிறது. கடும் உழைப்பு தொடங்கியதும் தசை கேட்கும் ஆக்ஸிஜன் உடனே வந்துவிடுவதில்லை. இதயமும் மூச்சும் ரத்த ஓட்டமும் அந்த வேகத்துக்கு ஏற இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசைக்குள் இருக்கும் உடனடி சக்திக் கையிருப்பான கிரியேட்டின் பாஸ்பேட்டும், ஆக்ஸிஜன் இல்லாமலேயே சர்க்கரையை உடைக்கும் வழியும் தாக்குப்பிடிக்கின்றன. கிரியேட்டின் பாஸ்பேட் முழு வேகத்தில் பத்து நொடியைச் சுற்றியே பெருமளவு கரைந்துவிடும். பாதி திரும்ப நிரம்ப அரை நிமிடம் போல ஆகும். முழுக்க நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். அதனால் முதல் ஒன்றரை நிமிடம் எந்த வேகமும் லேசாகத்தான் தெரியும். மூச்சு இரைக்கத் தொடங்கும்போது கையிருப்பு காலியாகியிருக்கும். ரவுண்டுக்கு நடுவில் கிடைக்கும் பதினைந்து நொடி ஓய்வில் அது நிரம்பவும் செய்யாது.

தனியாகப் பயிற்சி செய்பவருக்கும் இதே உடம்புதான். ஆனால் அவரை இழுக்க ஆள் இல்லை. நண்பர்கள் கூட இருப்பது பெரிய பலம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பலத்தை எந்த நேரத்தில் எடுத்துச் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வகுப்பின் முதல் மூன்றில் ஒரு பங்கை உங்கள் மூச்சை வைத்துச் செய்யுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கை நண்பர்களை வைத்துச் செய்யுங்கள்.

கூட்டு என்ன செய்கிறது

ஜெர்மனியில் ஓட்டோ கோஹ்லர் என்ற உளவியலாளர் 1920களில் பெர்லின் துடுப்புப் படகுக் குழுவினரை வைத்து ஒரு சோதனை செய்தார். எடையைத் தனியாகத் தூக்கவைத்தார். பிறகு இருவர் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கவைத்தார். இருவரில் ஒருவர் விட்டால் மற்றவராலும் தொடர முடியாது என்ற நிலையில், பலம் குறைந்தவர் தனியாகத் தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். 2011இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெபோரா ஃபெல்ட்ஸும் சகாக்களும் பிளாங்க் பயிற்சியில் (கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடித்து நிற்பது) இதையே சோதித்தார்கள். திரையில் தெரியும் ஒரு கூட்டாளியோடு செய்தவர்கள், தனியாகச் செய்தவர்களைவிடச் சுமார் 24 சதவீதம் அதிக நேரம் நின்றார்கள். அந்தக் கூட்டாளி ஓரளவு மேலானவராக இருந்தபோது பலன் கூடுதல். எட்டவே முடியாத உயரத்தில் இருந்தபோது அந்த அளவுக்கு இல்லை.

இதிலிருந்து நேரடியாக ஒரு முடிவு எடுக்கலாம். கூட்டத்தில் மிக வேகமான நண்பரின் பக்கத்தில் பாயை விரிக்காதீர்கள். உங்களைவிடக் கொஞ்சம் மேலே இருப்பவரின் பக்கத்தில் விரியுங்கள். நான்கு பேர் போனால், கிட்டத்தட்ட ஒரே தகுதி உள்ளவர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துக்கொள்வது, வரும்போதே யார் யாரோடு பேசிக்கொண்டு வந்தார்களோ அப்படியே நின்றுவிடுவதைவிடப் பல மடங்கு நல்லது.

இன்னொரு ஆய்வு இந்தக் கட்டுரைக்கு இன்னும் முக்கியம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் துடுப்பு வீரர்களைத் துடுப்பு எந்திரத்தில் தனியாகவும் ஆறு பேர் குழுவாகவும் உழைக்கவைத்து, முடித்ததும் அவர்களின் வலி தாங்கும் அளவை அளந்தார்கள். உழைப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் குழுவாக, ஒரே தாளத்தில் செய்தபோது வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது. வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் உடம்பில் கூடுதலாகச் சுரப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். கூட்டமாகச் செய்யும்போது வலி குறைவாக உறைக்கும் என்றால், வலியை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்வது ஆபத்து. வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் பேச்சு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முறியாமல் சொல்ல முடிந்தால் நிதானமான வேகம். மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடும் வேகம்; இருபது நிமிட வேலையின் நடுப்பகுதிக்கு அது சரி. ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அந்த வேகம் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் உரியது. பக்கத்தில் நண்பர் இருப்பதால் இதைச் சோதிப்பது சுலபம்: "எத்தனையாவது ரவுண்டு?" என்று கேளுங்கள், பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நான் இந்த வகுப்புகளில் அதிகம் நம்புவதில்லை. கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கும்போது அளவு தடுமாறும்; வேகம் சட்டென்று மாறும்போது எண் பின்தங்கி வரும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர்களுக்குப் பேச்சுச் சோதனை நம்பகமான வழி.

போவதற்கு முன்

வகுப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே நண்பர்களுக்குள் பேசிவிட வேண்டியவை சில உண்டு. யாருக்காவது உழைப்பின்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருக்கிறதா, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை போகிறதா, மூட்டில் பழைய காயம் இருக்கிறதா? கனடாவில் உருவான பார்-க்யூ என்ற ஏழு கேள்விப் படிவம் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர் இன்ஹேலரைப் பையில் வைக்காமல் கையெட்டும் தூரத்தில் வைக்கட்டும். இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் வகுப்புக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, குளுக்கோஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பருக்காவது சொல்லிவைக்க வேண்டும். கூட வருகிறவருக்கு இது தெரிந்திருப்பதுதான் நண்பர்களோடு போவதன் நிஜமான பாதுகாப்பு.

முழுச் சாப்பாடு என்றால் இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். கடும் உழைப்பில் வயிற்றுக்குப் போகும் ரத்தம் தசைப் பக்கம் திரும்பிவிடும். செரிக்காத உணவோடு குனிந்து எழுந்தால் குமட்டும். எண்ணெய், நெய், நார்ச்சத்து அதிகம் உள்ளவை இன்னும் தாமதமாகச் செரிக்கும். பசியோடு போக முடியாதவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போதும். தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் 400-500 மில்லி. வகுப்புக்குள் தாகத்துக்கு ஏற்றபடி இரண்டு மூன்று வாய். தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன் ஒரு பாட்டிலை மடக்மடக்கென்று காலி செய்தால் பர்பியில் தெரியும்.

காலணியில் பலர் கோட்டைவிடுகிறார்கள். குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும் ஓட்டக் காலணி நேர்கோட்டில் ஓடுவதற்கு ஆனது. பக்கவாட்டில் குதிக்கும்போது அதில் கணுக்கால் உருளும். எடையோடு ஸ்குவாட் செய்யும்போது உடம்பு தளும்பும். தட்டையான, அடிப்பாகம் கெட்டியான காலணி போதுமானது. புதுக் காலணியை முதல்முறையாக அன்றைக்கே போட வேண்டாம்.

பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள். கோச்சிடம் மூன்று விஷயம் சொல்ல அந்த நேரம் வேண்டும்: எத்தனை பேர் புதியவர்கள், யாருக்கு எந்த இடத்தில் தொல்லை, குதிக்கக் கூடாதவர் யார். வகுப்பு தொடங்கிய பிறகு இருபது பேருக்கு நடுவில் கையைத் தூக்கி 'எனக்கு முழங்கால் வலி' என்று சொல்லப் பெரும்பாலானோர் கூச்சப்படுவார்கள். சொல்லாமல் குதிப்பார்கள்.

பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பது

கோச் பலகையில் எழுதும் வேலைக்குச் சில அச்சுகள்தான் உண்டு. ஒவ்வொன்றிலும் வேகத்தைப் பங்கிடும் விதம் வேறு.

ஆம்ராப் என்றால் கொடுத்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக ரவுண்டு. இருபது நிமிடம், ஒரு ரவுண்டுக்கு 10 புஷ்-அப், 15 ஸ்குவாட், 8 பர்பி என்று வைத்துக்கொள்வோம். நண்பரைப் பார்த்து முதல் ரவுண்டை 2 நிமிடத்தில் முடித்தவரின் அடுத்தடுத்த ரவுண்டுகள் 2:25, 2:50, 3:10, 3:20, 3:25 என்று நீண்டால், ஆறு ரவுண்டுக்கு 17:10 ஆகிவிடும். மிச்சம் 2:50இல் ஏழாவது முடியாது. ரவுண்டுக்கு இரண்டரை நிமிடம் என்று அலுங்காமல் போனவர் எட்டு ரவுண்டு முடித்திருப்பார். முதல் ரவுண்டில் அரை நிமிடம் பின்னால் நின்றவர்தான் கடைசியில் ஒரு ரவுண்டுக்கு மேல் முன்னால் இருக்கிறார். அதனால் முதல் ரவுண்டின் நேரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரவுண்டும் அதிலிருந்து பதினைந்து நொடிக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் முன்னால் போனால் போகட்டும். ஐந்தாவது ரவுண்டில் அவரை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். அப்போதுதான் பக்கத்தில் ஒருவர் இருப்பது உண்மையிலேயே உதவும்.

இமாம் (EMOM) என்பது ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் குறித்த எண்ணிக்கையை முடித்துவிட்டு மிச்ச நேரம் ஓய்வெடுப்பது. பத்து நிமிட இமாமில் முதல் நிமிடத்தில் குறைந்தது இருபது நொடி மிஞ்ச வேண்டும். பத்து நொடிதான் மிஞ்சுகிறது என்றால் ஆறாவது நிமிடத்தில் ஓய்வே இருக்காது. எண்ணிக்கையை இரண்டாவது நிமிடத்திலேயே குறையுங்கள், தோற்ற பிறகு குறைப்பதில் பயனில்லை.

தபாதா பற்றி ஒரு வார்த்தை. 20 நொடி வேலை, 10 நொடி ஓய்வு, எட்டு முறை, மொத்தம் நான்கு நிமிடம்: இந்த அச்சு ஜப்பானிய ஆய்வாளர் இஸுமி தபாதாவின் பெயரில் பரவியது. ஜப்பான் ஐஸ் ஸ்கேட்டிங் வேகப்போட்டி அணியின் பயிற்சியில் இருந்ததை அவர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். ஆய்வில் இளைஞர்கள் நிலை சைக்கிளில், தங்கள் அதிகபட்ச ஆக்ஸிஜன் உள்வாங்கும் அளவுக்குரிய உழைப்பைப்போல 170 சதவீதத்தில் மிதித்தார்கள். ஏழு எட்டுச் சுற்றில் மிதிக்கவே முடியாமல் போக வேண்டும் என்பது திட்டம். ஆகவே வகுப்பில் தொடர்ந்து ஐந்து 'தபாதா' எழுதியிருந்தால், அது பெயரளவில்தான் தபாதா. நிஜமான வேகத்தில் ஐந்தை யாராலும் செய்ய முடியாது. அதை இருபது நிமிட இடைவெளிப் பயிற்சியாகவே நடத்துங்கள்: முதல் இருபது நொடியில் எத்தனை செய்தீர்களோ, எட்டாவதிலும் அதே எண்ணிக்கை வர வேண்டும்.

பர்பி

கடினமான வகுப்புகளில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ராயல் பர்பி என்ற அமெரிக்கர் 1930களில் ஒருவரின் உடல் தகுதியைச் சட்டென்று மதிப்பிட இதை ஒரு சோதனையாக வடிவமைத்தார். நான்கு முறை செய்யவைத்து, முன்னும் பின்னும் இதயத் துடிப்பைப் பார்ப்பார். அதில் புஷ்-அப்பும் இல்லை, குதிப்பும் இல்லை: குந்து, காலைப் பின்னால் நீட்டு, திரும்பக் குந்து, எழு. இன்றைக்கு வகுப்பில் நூறு போடச் சொல்வது, நெஞ்சு தரையில் படச் சொல்வது, மேலே குதித்துக் கைதட்டச் சொல்வது எல்லாம் பின்னால் ஏறியவை. ஆகவே குதிக்காமல் செய்வதை 'குறைத்துக்கொண்டது' என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

கையை எங்கே ஊன்றுகிறீர்கள் என்பதில் தொடங்குகிறது எல்லாம். பாதத்துக்கு மிக முன்னால் ஊன்றினால், காலைப் பின்னால் எறிந்ததும் உடம்பு நீண்டு கீழ்முதுகு தொய்யும். பாதத்துக்கு ஒரு சாண் முன்னால், தோள் அகலத்தில் ஊன்றுங்கள். காலைப் பின்னால் கொண்டுபோகும் நொடியில் பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்க வேண்டும்; அது தளர்ந்தால் இடுப்பு தரையை நோக்கித் தொங்கி அடிபடும். இருபதாவது பர்பிக்குப் பிறகு வரும் முதுகு வலிக்கு இந்தத் தொங்கல் ஒரு முக்கியக் காரணம். திரும்பி வரும்போது பாதங்கள் கைக்கு நடுவில் ஒட்டி இறங்கினால் குதிகால் தூக்கிக்கொண்டு முழங்கால் முன்னே போகும், எழுவதற்கு முதுகை வளைக்க வேண்டிவரும். பாதங்களைக் கைக்கு வெளிப்பக்கம், அகலமாக, முழுப் பாதமும் தரையில் படும்படி இறக்கினால் தொடையும் பிட்டமும் உங்களைத் தூக்கிவிடும். அகலமாக இறங்குவது என்ற இந்த ஒரு மாற்றம் மட்டுமே பலருக்குப் பர்பியைப் பாதி எளிதாக்கும்.

மூச்சை அடக்கக் கூடாது. கீழே போகும்போது வெளியே, தரையில் இருக்கும்போது ஒரு சின்ன உள்மூச்சு, எழும்போது வெளியே. தலை தாழ்ந்து உயர்ந்துகொண்டே இருப்பதால் சிலருக்குக் கண் இருட்டும். மூச்சை அடக்கினால் இன்னும் அதிகம். அப்படி வந்தால் குதிப்பதை நிறுத்தி, ஒரு காலாகப் பின்னால் வைத்து ஒரு காலாக முன்னால் எடுத்து வையுங்கள். ஆறு நொடிக்கு ஒன்று என்ற தாளத்தில் நிமிடத்துக்குப் பத்து. பார்க்க மெதுவாக இருக்கும். ஆனால் பதினைந்து போட்டுவிட்டு நிற்பவரின் ஓய்வு ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனால், ஐந்து நிமிடத்தில் இந்தத் தாளம் அவரை எட்டிவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெட்டில்பெல் ஸ்விங்கில் எடையைக் கை தூக்குவதில்லை, இடுப்பு எறிகிறது. குந்தி எழுந்து, கையால் உயர்த்தினால் தோளும் கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும். எடை முழங்காலுக்கு மேலே, தொடைகளுக்கு நடுவே போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே போனால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். புஷ்-அப்பில் முழங்கை உடம்போடு ஏறக்குறைய 45 டிகிரி. முடியாதபோது முழங்காலை ஊன்றுவதைவிடக் கையைப் பெஞ்சின் மேலோ பெட்டியின் மேலோ வைத்து, உடம்பைப் பலகைபோல வைத்துச் செய்வதையே நான் சொல்வேன். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தரைக்கு வந்துவிடலாம். பெட்டி மேல் குதிக்கும் பயிற்சியில் ஏறும்போது குதியுங்கள், இறங்கும்போது கால் வைத்து இறங்குங்கள். பின்னோக்கிக் குதித்து இறங்கி அதே துள்ளலில் திரும்ப ஏறுவது குதிகால் தசைநாணுக்குப் பெரும் சுமை. களைத்த கால் பெட்டி விளிம்பில் தடுக்கி முன்னங்காலைச் சீய்ப்பதும் அப்போதுதான்.

துடுப்பு எந்திரத்தில் நண்பர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: பக்கவாட்டு நெம்புகோலை 10க்குத் தள்ளிவிட்டு இழுப்பது. கான்செப்ட்2 நிறுவன எந்திரத்தில் 1 முதல் 10 வரை இருக்கும் அந்த நெம்புகோல் சைக்கிள் கியர் போலத்தான். எண் கூடினால் பயிற்சி நல்லதாகிவிடுவதில்லை, ஒவ்வொரு இழுப்பும் கனமாகிக் கீழ்முதுகு முதலில் களைக்கும். 3 முதல் 5 வரை போதும். வேகம் நீங்கள் காலால் தள்ளுவதில் வர வேண்டும்: முதலில் கால், பிறகு உடல் சாய்வு, கடைசியில் கை. திரும்பும்போது கை, உடல், கால். முழங்கால் மடங்கியிருக்கும்போதே கை இழுத்துவிட்டால் காலின் பலம் வீணாகும்.

ஜோடி வேலை

நண்பர்களோடு போகிறவர்களுக்குக் கோச் பெரும்பாலும் ஜோடி வேலை கொடுப்பார். இருவருக்கும் சேர்த்து நூறு கெட்டில்பெல் ஸ்விங், எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம் என்பார். எல்லோரும் இருபத்தைந்து, இருபத்தைந்தாகப் பிரிப்பார்கள். ஸ்விங்குக்கு ஒன்றரை நொடி என்றால் இருபத்தைந்துக்கு நாற்பது நொடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது முறை வரும்போது பிடி தளர்ந்துவிடும். பத்துப் பத்தாகப் பிரித்தால் பதினைந்து நொடி வேலை, பதினைந்து நொடி ஓய்வு. முழு வேகத்தில் போகாமல் சின்னச் சின்னத் தவணையாகச் செய்தால் மேலே சொன்ன கிரியேட்டின் பாஸ்பேட் அவ்வளவு சீக்கிரம் வற்றாது. ஒவ்வொரு தவணையும் அதே வேகத்தில் வரும். பத்தாகப் பிரித்தால் ஒன்பது முறை கைமாற்ற வேண்டும், தடவைக்கு மூன்று நொடி போனாலும் அரை நிமிடம் வீணாகும். அதைத் தவிர்க்க ஆளுக்கொரு கெட்டில்பெல் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடை வேறு வேறாக இருந்தாலும் பாதகமில்லை. சொல்லப்போனால் வேறு வேறாக இருப்பதே நல்லது.

ஒருவர் பிளாங்க் பிடித்திருக்கும்போது மற்றவர் பர்பி செய்யும் வகையில், யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். எட்டு பர்பிக்கு ஐம்பது நொடி ஆகும் நண்பருக்கு, முப்பது நொடி பிளாங்க் பிடிப்பவர் ஜோடியாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் சரிவார். எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்துச் சுற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், மொத்த வேலை அதேதான்.

வாயால் சொல்வதும் ஜோடி வேலையின் பகுதி. கீழ்நோக்கி எண்ணுவது மேல்நோக்கி எண்ணுவதைவிட உதவும். மிச்சம் எவ்வளவு என்று தெரியும். "இன்னும் மூணு, முதுகை நேரா வை" என்பது நல்ல பேச்சு. "விடாத, விடாத" என்பது, இடுப்பு தொங்க ஆரம்பித்தவரிடம் சொன்னால், அவரைக் காயத்துக்குத் தள்ளுவது. ஒருவர் மற்றவரின் ஒரே ஒரு குறையை மட்டும் கவனித்துச் சொல்ல வேண்டும். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் களைத்த மூளையில் ஒன்றும் ஏறாது. நிறுத்த வேண்டும் என்றால் காட்ட ஒரு கை சைகையை முன்பே பேசி வையுங்கள். அந்தச் சைகை வந்தால் ஏன் என்று கேட்காமல் மிச்ச எண்ணிக்கையை மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை வெளியில் இருக்கும்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே போய்ச் சத்தத்துக்கு நடுவில் இதெல்லாம் பேச முடியாது.

எப்போது நிறுத்துவது

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, துடிப்பு தப்பித் தப்பி அடிப்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிட வேண்டும், உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். காற்றோட்டமில்லாத, சூடான அறையில் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். வெளியே கொண்டுபோய் உடனே உடம்பைக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தன் குழப்பம் தனக்குத் தெரியாது என்பதால் இதை முதலில் கவனிக்கப் போகிறவர் நண்பர்தான்.

கடைசி மணி அடித்ததும் தரையில் அப்படியே விழாதீர்கள், அசையாமல் நிற்கவும் வேண்டாம். விரிந்திருக்கும் கால் ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவதில் ஆடுதசையின் அசைவுக்குப் பங்கு உண்டு. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடமாவது நடக்க வேண்டும். ஏற்கெனவே தலை சுற்றிவிட்டால் மட்டும் படுத்துக் காலை உயர்த்துங்கள்.

பெண்கள் பலர் வெளியில் சொல்லாத ஒன்று: குதிக்கும்போது சிறுநீர் கசிவது. குழந்தை பெற்றவர்களுக்கு இது பரவலாக வரும், பெறாதவர்களுக்கும் வரும். பரவலாக வருகிறது என்பதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. குதிப்பதை விட்டுக் கால் வைத்துச் செய்யும் வகைக்கு மாறலாம். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தால் பெரும்பாலும் நல்ல முன்னேற்றம் கிடைக்கும்.

வகுப்பு முடிந்து ஒன்றிரண்டு நாளில் வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. அளவு மீறிய உழைப்பில் தசை நார்கள் சிதைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போகும், கையோ தொடையோ வீங்கி, மடக்க முடியாத அளவு வலிக்கும், பலம் போய்விடும். இதில் ஏதாவது தெரிந்தால் தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு நல்ல பயிற்சியில் இருந்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகு நண்பர்களோடு திரும்பி வருகிறவர்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்: மனதுக்குப் பழைய வேகம் ஞாபகம் இருக்கும், தசைக்கு இருக்காது. பழக்கமில்லாத ஒரே பயிற்சியை, குறிப்பாக எடையைத் தாங்கி இறக்கும் வகையை, நூற்றுக்கணக்கில் செய்வதும் இதற்கு வழி. வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை.

அடுத்த வகுப்பு வரை

சாதாரணத் தசை வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, அடங்கிவிடும். மாடிப்படி இறங்கும்போது தொடை பிடிப்பது இதுதான். அந்த நாள்களில் நடப்பது, மெதுவாகச் சைக்கிள் மிதிப்பது நல்லது; படுத்தே கிடந்தால் விறைப்பு கூடும். ஒரே வகைப் பயிற்சியை இரண்டாவது முறை செய்யும்போது வலி கணிசமாகக் குறைவாக வரும், இந்தப் பாதுகாப்பு சில வாரம் நீடிக்கும். அதனால் முதல் வகுப்பில் பாதி அளவு செய்தவருக்கும் இரண்டாவது வகுப்பு எளிதாகும். முழு அளவும் செய்து நான்கு நாள் நடக்க முடியாமல் போனவர் இரண்டாவது வகுப்புக்கு வருவதே சந்தேகம். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி.

எடையில் எவ்வளவு நீர் போனது என்று பார்க்க வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதைச் சில மணி நேரத்தில், சாப்பாட்டோடு சேர்த்து, மெதுவாக ஈடுகட்டினால் போதும்.

நண்பர்களில் ஒருவர் ஒவ்வொருவரின் முதல் ரவுண்டு நேரத்தையும் கடைசி ரவுண்டு நேரத்தையும் ஒரு குறிப்பில் எழுதிவையுங்கள். மொத்த ரவுண்டு எண்ணிக்கையை ஒப்பிட்டால் யார் பலசாலி என்றுதான் தெரியும். இந்த இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை ஒப்பிட்டால் யார் வேகத்தைச் சரியாகப் பங்கிட்டார் என்று தெரியும், அதில் யாரும் யாரையும் ஜெயிக்கலாம். வித்தியாசம் பதினைந்து நொடிக்குள் வந்த பிறகு, முதல் ரவுண்டை ஐந்து நொடி வேகப்படுத்திப் பாருங்கள். கடைசி ரவுண்டு அதனால் நீண்டால் பழைய நேரத்துக்கே திரும்புங்கள். எடையைக் கூட்டுவதை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்; வேகத்தையும் எடையையும் ஒரே நாளில் கூட்டினால், நடுவில் தடுமாறும்போது எது தடுக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.